தரையில் ஓர் ஊர்

தொடக்கப் பள்ளியில் எந்த வகுப்பறைக்குள் போனாலும் ‘நமக்கு உதவுவோர்’ சார்ட் ஒன்று தொங்கும். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர், தொப்பி வைத்த போலீஸ், பையோடு தபால்காரர், ஏர்க்கலப்பையோடு விவசாயி. பிள்ளைகள் விரலை வைத்து வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் “உங்க தெருக் குழாய்ல தண்ணி யாரு விடுறா?” என்று கேட்டுப் பாருங்கள். “தானா வரும்” என்பார்கள். ரேஷன் அரிசி? “கடையில இருக்கும்.” தெருவிளக்கு? “சாயங்காலம் ஆனா எரியும்.”

சமூகம் பற்றிய பாடம் இந்தத் ‘தானா வரும்’ மேல்தான் கை வைக்க வேண்டும். சார்ட்டால் அது முடியாது. சார்ட்டில் இருக்கிற ஏர்க்கலப்பையைக்கூடப் பல பிள்ளைகள் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வயலில் பார்ப்பது டிராக்டர். இதற்கு ஒரு நல்ல வழி, ஊரையே வகுப்பறைத் தரையில் பிள்ளைகள் கையால் போட வைத்து, அதில் ஆட்களைக் குடியேற்றுவது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை செய்யலாம். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துச் செய்தால் இன்னும் நன்றாக வரும். எட்டு முதல் பத்துப் பாடவேளை ஆகும். இரண்டு வாரத்துக்குப் பரப்பிக்கொண்டால் மற்ற பாடம் கெடாது. கீழே வரும் கணக்கெல்லாம் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் படிக்கும் கிராமத்துப் பள்ளியை மனதில் வைத்துப் போட்டவை.

சொம்பும் டம்ளரும்

வரைபடம் என்ற சொல்லையே முதல் நாள் எடுக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையிடம் தெருவை வரையச் சொன்னால் இரண்டு கோடு போட்டு, இரண்டு பக்கமும் வீடுகளைப் படுக்க வைத்துவிடும். ஒரு வரிசை வீடு நிமிர்ந்திருக்கும், எதிர் வரிசை தலைகீழாகக் கிடக்கும். இது தப்பு அல்ல, அந்த வயதில் அப்படித்தான் வரும். மேலிருந்து பார்ப்பது என்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று.

அதற்கு சத்துணவு மையத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஒரு சொம்பையும் வாங்கி வந்தால் போதும். டம்ளரைத் தரையில் வைத்து, அதற்கு நேர் மேலே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பார்த்ததை வரைய வேண்டும். முதல் தடவை பாதிப் பேர் பக்கவாட்டு டம்ளரைத்தான் வரைவார்கள். கண் பார்த்ததை விட்டுவிட்டு, தெரிந்ததைக் கை வரைந்துவிடும். திரும்பக் குனிந்து பார்க்கச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை “ரெண்டு வட்டம்தான் தெரியுது” என்று சொல்லும். வெளி வட்டம் டம்ளரின் வாய், உள் வட்டம் அடி. அடுத்து சொம்பைப் பார்த்தாலும் இரண்டு வட்டம்தான். ஆனால் இங்கே வெளி வட்டம் வயிறு, உள் வட்டம்தான் வாய். படம் ஒன்று, பொருள் வேறு என்ற இந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றுவிடலாம். எது டம்ளர், எது சொம்பு என்று படத்தை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வது? பெயர் எழுத வேண்டும், அல்லது ஒரு குறி போட வேண்டும். வரைபடத்தில் குறியீடு எதற்கு என்பது இப்படி அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

பிறகு தீப்பெட்டி, புத்தகப் பை, ஒரு ஜோடிச் செருப்பு. கடைசியாக, “ஓட்டு மேல உக்காந்திருக்கிற காக்காவுக்கு நம்ம பள்ளிக்கூடம் எப்படித் தெரியும்?” இந்தக் கேள்விக்குப் பிறகு ‘காக்கா பார்வை’ என்பது வகுப்பின் சொந்தச் சொல்லாகிவிடும். பின்னால் எங்கே தடுமாறினாலும் “காக்காவா பாரு” என்றால் போதும்.

வடக்கு மேலே இல்லை

மூன்றாம் வகுப்பு சமூக அறிவியலில் திசைகள் பாடம் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் நடத்துவதில்தான் சிக்கலே தொடங்குகிறது. ‘மேலே வடக்கு, கீழே தெற்கு’ என்று பலகையில் எழுதிவிட்டு “வடக்கு எங்க?” என்று கேட்டால் பிள்ளைகள் விட்டத்தைக் காட்டுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

திசையைத் தரையில்தான் சொல்லித்தர வேண்டும். காலையில் சூரியன் இருக்கும் பக்கம் கிழக்கு என்பது தோராயமாகத்தான் சரி. நம் பக்கத்தில் ஜூன் மாதம் சூரியன் வடகிழக்காக உதிக்கும், டிசம்பரில் தென்கிழக்காக உதிக்கும். நேர் கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டித்தான். எனவே ஒருமுறை செல்போன் திசைகாட்டியை வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அதையும் வகுப்பறைக்குள் பார்க்காதீர்கள். பீரோ, ஜன்னல் கம்பி, இரும்பு மேசை எல்லாம் முள்ளை இழுத்துவிடும். மைதானத்தின் நடுவில் பார்த்து, வகுப்பறைச் சுவர் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, நான்கு சுவரிலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் “பையை மேற்குச் சுவர் ஓரமா வை”, “வடக்கு வரிசை முதல்ல வெளிய போகலாம்” என்றே பேசினால் தனியாக நடத்த வேண்டியதில்லை.

நடை

அடுத்தது ஊரைச் சுற்றி வருவது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி, முந்தின நாளே பெற்றோருக்குத் தகவல், இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர், பெரிய ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் மூன்று பேர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கூப்பிட்டால் வருவார்கள். அவர்களுக்கு ஊரைப் பற்றி ஆசிரியரைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பது தனி லாபம். காலை வழிபாடு முடிந்ததும் கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வெயில் ஏறிவிடும், பிள்ளைகளின் கவனம் ஐஸ் வண்டியில் போய்விடும்.

ஐந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் அடி எண்ணுபவர். ஒருவர் கொட்டைக்காரர். இடப் பக்கம் இருப்பதைச் சொல்ல ஒருவர், வலப் பக்கத்துக்கு ஒருவர், குறித்துக்கொள்ள ஒருவர். கொட்டைக்காரர் எதற்கென்றால், பிள்ளைகளுக்கு நூறைத் தாண்டினால் எண்ணிக்கை நழுவும். நடுவில் ஒரு நாய் குரைத்தால் அவ்வளவுதான், முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் இருபது அடிக்கு ஒரு முறை ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினால் போதும். நானூறு அடி நடந்தால் டப்பாவில் இருபது கொட்டை. ஒரு திருப்பம் வந்தால், அதுவரை சேர்ந்ததை ஒரு தாளில் மடித்துப் பெயர் எழுதி வைத்துவிட்டு, டப்பாவைக் காலி செய்துவிட்டுத் தொடர வேண்டும்.

இடம் வலம் குறிப்பதைப் போகும்போது மட்டும் செய்யுங்கள். திரும்பி வரும்போது இடக்கைப் பக்கம் இருந்த டீக்கடை சோத்துக்கைப் பக்கம் வந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கடை தரையில் எதிர்ப் பக்கத்தில் போய் உட்காரும்.

அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022-23 கல்வியாண்டிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பார்ப்பது பழகிவிட்டது. அந்தப் பிரிவு இங்கே நேராக உதவும். அரும்பு நிலைப் பிள்ளை பார்த்ததைப் படமாகக் குறிக்கும், மொட்டு ஒரு சொல் எழுதும், மலர் ஒரு வரி எழுதும். ஒரே குழுவுக்குள் மூன்று நிலையும் கலந்து இருக்க வேண்டும். நன்றாக எழுதுகிறவர்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டால் அந்தக் குழு மட்டும் ஊரைப் பார்த்து வரும், மற்றவை வேடிக்கை பார்த்து வரும்.

நடக்கும் வழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல ஊர்களில் பள்ளியும் கோயிலும் பெரிய தெருவும் ஒரு பக்கம் இருக்கும், காலனி ஒரு பக்கம் இருக்கும். நேரமில்லை என்று நடை பெரிய தெருவோடு முடிந்துவிட்டால் தரைப்படமும் அங்கேயே முடிந்துவிடும். காலனியிலிருந்து வரும் பிள்ளை தன் வீட்டை வைக்க இடமில்லாமல் சுவர் ஓரத்தில் நிற்கும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் வகுப்பு முழுவதும் அதைப் படித்துக்கொள்ளும். ஆகவே எந்தப் பிள்ளையின் வீடு கடைசியில் இருக்கிறதோ அதுவரை நடக்க வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு நாளாக நடங்கள். கடைசி வீட்டில் தொடங்கிப் பள்ளியை நோக்கி வருவது இன்னும் நல்லது. தெருவுக்குச் சாதிப் பெயர் வழக்கில் இருந்தால் அதைத் தரையில் எழுத வேண்டாம். ‘டேங்க் தெரு’, ‘வேப்பமரத் தெரு’ என்று பிள்ளைகளையே பெயர் வைக்கச் சொன்னால், கண்ணில் படுகிற அடையாளத்தை வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஈர்க்குச்சிக் கணக்கு

தரையில் போடும் நாளுக்கு மேசை நாற்காலியை வெளியே தள்ளி, தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துக் கோடு போட்டால் தூள் பறக்காது, காய்ந்த பிறகு பளிச்சென்று நிற்கும். கோலமாவு அழகாக இருக்கும், ஆனால் காற்றாடி சுற்றினால் ஊரே கலைந்துவிடும். தெருவை நிரப்பச் செம்மண்ணைக் கரைத்துத் துணியால் இழுத்தால் நன்றாகத் தெரியும்.

அளவுக்கு ஈர்க்குச்சி. பதினைந்து சென்டிமீட்டரில் ஐம்பது துண்டு நறுக்கி வையுங்கள். ஒரு புளியங்கொட்டைக்கு ஒரு குச்சி. நானூறு அடித் தெரு இருபது குச்சி நீளம் வரும், அதாவது மூன்று மீட்டர். அறைக்குள் அடங்கும். ஊர் பெரிதென்றால் நாற்பது அடிக்கு ஒரு கொட்டை என்று தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும், பாதியில் மாற்றக் கூடாது.

இங்கே ஒரு தகராறு கட்டாயம் வரும். ஒரே தெருவுக்கு ஒரு குழு பதினெட்டுக் கொட்டை கொண்டு வந்திருக்கும், இன்னொரு குழு இருபத்து மூன்று. “நீங்க தப்பா எண்ணிட்டீங்க” என்று சண்டை. தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். இரண்டு குழுவின் அடி எண்ணுபவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வராண்டாவில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு முழம் முன்னால் போய் நிற்கும். யாருமே தப்பாக எண்ணவில்லை, கால்தான் வேறு. அப்படியானால் யார் காலை வைத்து ஊரைப் போடுவது? ஒருவருடைய அடியை எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மீட்டர் என்ற ஒன்று எதற்கு வந்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கணக்குப் புத்தகத்தில் கிடையாது.

முதலில் பள்ளி, பிறகு பள்ளி வாசலிலிருந்து புறப்படும் தெரு, அதன் பிறகு கிளைத் தெருக்கள். எல்லாத் தெருவும் முடியும்வரை யாரும் வீடு வைக்கக் கூடாது என்பது கறாரான விதி. இதைத் தளர்த்தினால் முதலில் வைத்த வீட்டுக்காகத் தெரு வளையும். இன்னொரு வழக்கமான கோளாறு, பள்ளிக்கூடத்தைப் பெரிய கட்டமாகப் போட்டுவிடுவது. மனதில் பெரிதாக இருப்பது தரையிலும் பெரிதாக வருகிறது. பள்ளியையும் அடி எண்ணியே போட வேண்டும். நாற்பது அடி நீளக் கட்டடம் வெறும் இரண்டு குச்சிதான் என்று தெரியும்போது பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். போகட்டும்.

வீட்டுக்குக் காலித் தீப்பெட்டி. நாற்பது, ஐம்பது தேவைப்படும். லைட்டர் வந்த பிறகு வீடுகளில் பெட்டி சேருவது குறைவு, அதனால் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். டீக்கடையில் கேட்டால் கிடைக்கும். பெட்டி சேரும்போதே லேபிளைப் படிக்கச் சொன்னால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர்ப் பெயர் வரும். நம் ஊர் அடுப்பை எங்கேயோ ஓர் ஊர் பற்ற வைக்கிறது. 2021 டிசம்பரில் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்தான் என்பதை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லலாம்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய பெட்டியை எடுத்துக்கொண்டு, பள்ளி வாசலில் நின்று, இரண்டு விரலைக் கால்களாக்கித் தெருவோடு நடந்து போய்த் தன் வீட்டை வைக்க வேண்டும். அப்படி நடக்காமல் நேராகத் தூக்கி வைக்கும் பிள்ளைகள்தான் தப்பாக வைப்பார்கள்.

“டேங்கத் தாண்டித்தானடா உங்க வீடு?”

“இல்ல, டேங்க்குக்கு இந்தப் பக்கம்.”

“அப்ப நீ டேங்க் நிழல்ல நடந்துதான வர்ற?”

“அது... காலையில.”

இந்த மாதிரிப் பேச்சு நடக்கும்போது ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பார்த்துவிட்டு வா, நாளைக்குச் சரி செய்துகொள்ளலாம் என்றால் போதும். மறுநாள் காலையில் அந்தப் பெட்டி தானாக இடம் மாறியிருக்கும்.

சுவருக்கு ஏற்றுவது

தரைப்படத்தை நான்கு நாளைக்கு மேல் காப்பாற்ற முடியாது. அதற்குள் நான்கு சார்ட்டை ஒட்டி ஒரே தாளாக்கி, அதில் பெயர்த்து எழுதிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

வடக்குச் சுவரில்தான். வடக்குச் சுவரைப் பார்த்து நின்றால் படத்தின் கிழக்கு வலக்கைப் பக்கம், உண்மையான கிழக்கும் அதே பக்கம். படம் தரையிலிருந்து அப்படியே எழுந்து நின்ற மாதிரி இருக்கும். தெற்குச் சுவரில் மாட்டினால் படத்துக் கிழக்கு வலப் பக்கம், நிஜக் கிழக்கு இடப் பக்கம். பிள்ளை படத்தைப் பார்த்துக் கையை நீட்டினால் ஊர் அந்தப் பக்கம் இருக்காது. நான்கு நாள் சேர்த்த தெளிவு ஒரே ஆணியில் போய்விடும். கரும்பலகை தெற்குச் சுவரில் இருந்தாலும் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல் என்றால் படத்தை மாட்டவே வேண்டாம். சுருட்டி வைத்து, வேண்டும்போது தரையில் திசை பார்த்து விரிப்பது மேல்.

பெயர்த்து எழுதும்போது தாளை வீணாக்காமலிருக்க, தரையில் இரண்டு குச்சிக்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டு, தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு ஒரு பிள்ளை. இது நான்கு, ஐந்தாம் வகுப்பு வேலை. மூன்றாம் வகுப்புக்கு மரம், கிணறு, நாய் எல்லாம் வரைந்து ஒட்டும் வேலை கொடுக்கலாம். நாய் எங்கே படுத்திருக்கும் என்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

ஆட்களைக் குடியேற்றுவது

இடம் தயார், இனி ஆட்கள். “உங்க அப்பா என்ன வேலை?” என்று சுற்றிக் கேட்கும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். அப்பா இல்லாத பிள்ளை இருக்கும். குடித்துவிட்டுக் கிடக்கும் அப்பா இருப்பார். சாக்கடை அள்ளுபவரின் மகள் பொய் சொல்ல வேண்டிவரும். அதே காரணத்துக்காகத்தான் ஆண்டு விழா மாறுவேடமும் எனக்குப் பிடிப்பதில்லை. டாக்டர் வேடத்துக்கு எத்தனை போட்டி, துடைப்பம் யார் கையில் தரப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டால் இந்தப் பிரச்சினை வராது: “காலையில எந்திரிச்சதுல இருந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் நீ தொட்ட பொருள் என்ன? அது யாரு கை வழியா உன்கிட்ட வந்துச்சு?”

தண்ணீர், பால், பல்பொடி, காலை உணவு என்று பட்டியல் வரும். காலை உணவு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா ஊரிலும் நடக்கிறது. அதைச் சமைக்கிறவர் பல ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த, பிள்ளைகள் தினமும் அக்கா என்றோ அத்தை என்றோ கூப்பிடுகிற ஒருவர்தான். அவரிலிருந்து தொடங்குவது சுலபம். அடுத்து டேங்க் ஆபரேட்டர், ரேஷன் கடைக்காரர், குப்பை அள்ளும் தூய்மைக் காவலர், அங்கன்வாடி டீச்சர், தையல்காரர், டீக்கடைக்காரர். ஒரு குழுவுக்கு ஒருவர், பத்து நிமிடம், அவர்கள் வேலை செய்கிற இடத்தில். வகுப்பறைக்கு அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தால் அவர்களும் பேச்சாளர் மாதிரி “நல்லாப் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்விகளை முந்தின நாளே தயார் செய்ய வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் “உங்க பேரு என்ன, உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா” என்பதோடு நிற்கும். பிடிக்குமா என்றால் பிடிக்கும் என்றுதான் பதில் வரும், அதோடு பேச்சு முடிந்தது. இந்த ஐந்து கேள்வி நன்றாக வேலை செய்யும்: காலையில வந்ததும் முதல்ல எதைத் தொடுவீங்க? இந்த வேலையில கஷ்டமான நேரம் எது? நீங்க ஒரு நாள் வரலைன்னா என்ன ஆகும்? உங்க வேலை நடக்க வேற யாரு வேலை செய்யணும்? இதை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? கேட்க ஒருவர், கருவியை வரைய ஒருவர், எண் வந்தால் எழுத ஒருவர், மற்ற இருவர் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள. ஒரே பிள்ளை கேட்டுக்கொண்டே எழுதவும் செய்வது இந்த வயதில் நடக்காது.

டேங்க்குக்குப் போகும் குழுவுக்குத் தீனி அதிகம். தொட்டியில் கொள்ளளவு பெயின்டில் எழுதியிருக்கும். 30,000 லிட்டர் என்றால் பதினைந்து லிட்டர்க் குடத்தில் 2,000 குடம். ஊரில் இருநூறு வீடு என்றால் வீட்டுக்குப் பத்துக் குடம். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார், கரண்ட் போனால் என்ன செய்வார், எந்தத் தெரு வால்வை முதலில் திறப்பார், கடைசித் தெருவுக்கு ஏன் மெலிதாக வருகிறது? பல ஊர்களில் தொட்டி கழுவிய தேதியைத் தூணிலேயே எழுதுகிறார்கள், அதையும் குறித்து வரச் சொல்லுங்கள். ஏணிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே இரண்டு தடவை சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்களைப் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ பேசாமல் எல்லோரையும் ஒரே மாதிரி அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிட வைப்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்தது. ரேஷன் கடைக்காரருக்கு ‘சார்’, தூய்மைக் காவலருக்கு வெறும் பெயர் என்று இருந்தால் பாடம் தலைகீழாகப் போய்விடும். இதை முந்தின நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சணல் வலை

குழுக்கள் திரும்பி வந்ததும் பன்னிரண்டு பேரை வட்டமாக உட்கார வையுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் தாங்கள் பார்த்து வந்தவரின் படம். விவசாயி, பஸ் டிரைவர், லைன்மேன் என்று விட்டுப்போனவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கையில் ஒரு சணல் உருண்டை. டேங்க் ஆபரேட்டர் அட்டை வைத்திருக்கும் பிள்ளை, “எனக்குக் கரண்ட் வேணும்” என்று சொல்லி, நுனியைப் பிடித்துக்கொண்டு உருண்டையை லைன்மேனுக்கு உருட்டும். லைன்மேனுக்குக் காலையில் டீ வேண்டும், டீக்கடைக்குப் பால் வேண்டும், பால்காரருக்கு மாட்டுத் தீவனம் வேண்டும். தீவனக் கடை அட்டை இல்லையே என்றால் வேடிக்கை பார்க்கும் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் வந்து உட்காரலாம்.

வட்டம் நான்கு மீட்டர் அகலம் இருந்தால் இருபது முறை உருட்ட ஐம்பது மீட்டர் நூல் போகும். அறுபது மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி நூல் வழவழவென்று இழுபடும், இழுப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. சணலே நல்லது. தூக்கி எறியக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். எறிந்தால் மூன்றாவது சுற்றில் சிக்கு விழும், அதை அவிழ்க்கவே பாடவேளை போய்விடும். வலை முடிந்ததும் ஒருவர் மட்டும் தன் நூலை விட வேண்டும். யார் கையில் நூல் தொய்ந்ததோ அவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூய்மைக் காவலர் விட்டால் யாருக்குத் தொய்கிறது, கடைக்காரர் விட்டால் யாருக்கு? இரண்டு மூன்று தடவை செய்தால் போதும், அதற்கு மேல் விளையாட்டாகிவிடும்.

நான்காம் வகுப்புக்கு மேல் ஒரு கேள்வி சேர்க்கலாம்: இந்த வலையில் யாருக்குச் சம்பளம் குறைவு என்று நினைக்கிறீர்கள், ஏன்? பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

கார்டும் குடமும்

நேரம் இருந்தால் இரண்டு கிளைகள். ஒன்று தபால் கார்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குத் தானே ஒரு கார்டு எழுத வேண்டும். ஊரில் தபால் நிலையத்தில் கார்டு எப்போதும் இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். முகவரி எழுதும்போதுதான் பாதிப் பேருக்குக் கதவு எண் தெரியாது என்பது தெரியவரும். ரேஷன் அட்டையைப் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தென்கோடி: 60 முதல் 64 வரை தமிழ்நாடும் புதுச்சேரி, காரைக்காலும், 67 முதல் 69 வரை கேரளப் பக்கம். கடைசி மூன்று இலக்கம் தபால் நிலையத்தைக் குறிக்கும். கிளைத் தபால் நிலையங்களுக்குத் தனி எண் கிடையாது, அதனால் பக்கத்து ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே எண் இருப்பது சகஜம். பிள்ளைகள் இதைத் தப்பு என்று நினைத்துத் திருத்துவார்கள், விடக் கூடாது. கார்டு என்று வந்து சேர்ந்தது என்பதை வடக்குச் சுவர்ப் படத்தில் வீட்டுக்கு வீடு எழுதினால், யார் வீட்டுக்குக் கடைசியில் வருகிறது என்பதும் தெரியும்.

இன்னொன்று குடவோலை, அதாவது சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. முப்பது குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. வகுப்புத் தலைவர் தேர்வை முதலில் இப்படியும், மறுவாரம் வாக்குச் சீட்டு போட்டும் செய்து பாருங்கள். பனையோலை கிடைக்காவிட்டால் நோட்டு அட்டைத் துண்டு போதும். ஆனால் குடவோலையை ‘அந்தக் காலத்துத் தேர்தல்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அது சீட்டுக் குலுக்கல். அதில் பெயர் எழுதப்பட, வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும், வயது 35 முதல் 70 வரை. “நம்ம வகுப்புல அப்படின்னா யாரு பேரைக் குடத்துல போடலாம்?” என்று கேட்டால் கையே எழாது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதி மட்டும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சாக்பீஸ் கணக்குக் காட்டாத தலைவரை உடனே நீக்கக் கிளம்புவார்கள்.

படம் போட்டு முடிந்ததும் உடைந்த குழாய், எரியாத விளக்கு எல்லாம் தானாகப் பேச்சில் வரும். அதை ஊராட்சித் தலைவருக்கோ, தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சிச் செயலருக்கோ ஒரு பக்கக் கடிதமாக எழுதலாம். ஒரு கடிதம், ஒரே ஒரு விஷயம், படத்தில் அந்த இடம் வட்டமிட்டது. ஏழெட்டுக் குறையை அடுக்கினால் எதுவும் நடக்காது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு எப்படியும் பள்ளிக்கு வருவார்கள் என்பதால் ஆகஸ்டுக்குள் முடித்தால் கடிதத்தைக் கையிலேயே கொடுத்துவிடலாம். விளக்கு கட்டாயம் எரியும் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கடிதம் கொடுத்த தேதியையும் பதில் வந்த தேதியையும் சுவரில் எழுத இரண்டு கட்டம் விட்டு வையுங்கள், இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும்.

தீப்பெட்டிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பெயரோடு அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். வேப்பிலை இரண்டு கொத்துப் போட்டால் பூச்சி அண்டாது. அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு முதல் வேலை, பழைய படத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது. மூடிய கடை ஒன்றாவது இருக்கும். புதிதாக வந்த செல்போன் டவருக்கு ஒரு பெட்டி கூடுதலாகத் தேவைப்படும்.